புதுத்தண்ணிக்கு முன்னால் போகிற குப்பை

ஞாயிறு, கல்லணை

மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று நாள் பிடித்தது. காலையில் மதகைத் தூக்கினார்கள். பச்சைத் துண்டுகள், நாதஸ்வரம், நீளமாகக் கார் வரிசை. பாலத்தின் மேல் நின்று பூவும் விதைநெல்லும் தூவினார்கள். அதெல்லாம் டிவியில் வந்துவிடும். நான் கூட்டத்தைவிட்டு இறங்கி வெண்ணாற்றுக் கரையோடு கீழே நடந்தேன். புதுத்தண்ணியின் முன்முனையைப் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆற்று மணல் நான்கு மாதத்துக்கு மேல் காய்ந்து கிடக்கிறது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் ஜூன் வரை ஆறு என்பது மணல்தான்: கிரிக்கெட் மைதானம், மாட்டு வண்டிப் பாதை, ஊருக்கு ஊர் குப்பைமேடு. முதலில் வரும் தண்ணீரைப் பாதி மணலே குடித்துவிடுகிறது. மிச்சம் ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகர்கிறது. முன்னால் காப்பிக் கலரில் நுரை, அதற்குமுன் வைக்கோலும் சருகும், அதற்கும் முன்னால் மிதந்துகொண்டு கேரி பேக், தண்ணீர் பாட்டில், சில்வர் ஒட்டிய பேப்பர் தட்டு, ஒற்றைச் செருப்பு. தண்ணீர் வருவதற்கு முன்பே அது வரப்போகிற செய்தியைக் குப்பை சொல்லிவிடுகிறது.

தட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேட வேண்டியதில்லை. கல்லணைக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிடாமல் போவதில்லை. நானும் சாப்பிட்டேன். குப்பைத் தொட்டி இருந்தது, ஆனால் பதினோரு மணிக்கே நிறைந்து வழிந்தது. அள்ள வேண்டியவர்களை விழாப் பந்தலை ஒழுங்கு செய்ய அனுப்பிவிட்டார்கள் என்றார் கடைக்கார அம்மா. தொட்டி வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற ஊர்களில் காற்றுதான் துப்புரவு வேலையைச் செய்கிறது, அது தள்ளுவதோ ஆற்றுப் பக்கம்.

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். எல்லோரும் காவிரியோடு போய் பூம்புகாரில் முடிப்பார்கள். நான் வெண்ணாற்றோடு போவதாக இருக்கிறேன். நீடாமங்கலத்தில் அது பிரியும். அங்கிருந்து கோரையாறு, பாமணியாறு, கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. வெண்ணாற்றுக்குப் புராணம் குறைவு, பாசனம் அதிகம். அதைப் பற்றி எழுதுகிறவர்களும் குறைவு.

திங்கள், தென்பெரம்பூர்

இங்கே வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று பிரிகிறது. ஷட்டர் வரிசைக்குப் பக்கத்தில் லஸ்கர் ஒருவர் நீளக் கம்பில் கொக்கி கட்டி, தண்ணீரில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். வந்தது உரச்சாக்கு. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "பாக்காதீங்க சார், கோழிக் கழிவு" என்றார்.

டெல்டாவில் வளராதவர்களுக்காக ஒரு வார்த்தை: லஸ்கர் என்றால் ஷட்டரை ஏற்றி இறக்கி, அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்து, மேலே தகவல் சொல்கிற ஆள். குப்பை அள்ளுவது அவர் வேலை இல்லை. ஆனால் அள்ளாவிட்டால் வேலை ஓடாது. ஷட்டரை இறக்கும்போது அடியில் ஒரு மரக்கிளையோ சாக்கோ மாட்டினால் பலகை தரையில் உட்காராது. மூடியதாகக் கணக்கில் இருக்கும், தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் அது பெரிய சண்டை. கீழே உள்ள ஊர்க்காரர்கள், "எங்க முறை தண்ணிய அவனுக்கு விட்டுட்டே" என்று வந்து நிற்பார்கள். காரணம் ஒரு சாக்கு.

வெங்காயத்தாமரை சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார். அது தனியாக வந்தால் தள்ளிவிடலாம். ஆனால் அதன் வேர் அடர்த்தியான தாடி. கவர், நூல், துணி எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு மிதக்கும் திட்டாகிவிடுகிறது. பொக்லைன் வந்து அள்ளினாலும் கரையில்தான் கொட்டுகிறார்கள். தாமரை காய்ந்து மக்கிப்போகும். அதில் மாட்டிய பிளாஸ்டிக் ஐப்பசி மழையில் மறுபடி ஆற்றுக்கே இறங்கும். தூர்வாரிய கரைகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன், மண்ணுக்குள் கலர் கலராகக் கவர் எட்டிப் பார்க்கும். தூர்வாருகிற ஒப்பந்தத்தில் மண்ணைக் கன அளவு போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். குப்பையைப் பிரித்து எடு என்று தனி வரி இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

"ஆத்துக்குள்ள கெடந்தா எங்க டிபார்ட்மெண்டு, கரையில கெடந்தா பஞ்சாயத்து, பாலத்து மேல கெடந்தா ஹைவேஸ். அது காத்துல பறந்துக்கிட்டே இருந்தா யாருதுன்னு சொல்றது?" என்று சிரித்தார். பீடி பற்ற வைத்தவர் தீக்குச்சியைத் தண்ணீரில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழக்கம் போல.

செவ்வாய், தஞ்சாவூர் – திருவையாறு டவுன் பஸ்

தண்ணீர் எனக்காகக் காத்திருக்காது என்றாலும் ஒரு நாள் விலகிப்போவதில் தப்பில்லை. தஞ்சையிலிருந்து திருவையாறு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் ஐந்து ஆற்றை வரிசையாகப் பார்க்கலாம்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. இத்தனை குறுகிய தூரத்தில் இத்தனை பாலம் வேறெங்கே இருக்கிறது?

நான் பார்த்தது பாலத்தின் இரண்டு முனைகளை. நடு ஆற்றில் குப்பை குறைவு. பாலம் ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும், வண்டி வேகம் குறைகிற அந்தச் சரிவில்தான் கறிக்கடைக் கழிவு, முடிவெட்டிய மயிர் மூட்டை, கல்யாண மண்டப இலை, அதோடு கலந்த பிளாஸ்டிக் டம்ளர். வீட்டுக் குப்பையைவிடக் கடைக் குப்பைதான் அதிகம். இருட்டில் ஒரு மினி வேன் நின்று போனால் போதும். அதனால்தான் "பொதுமக்களுக்கு விழிப்புணர்வு" என்று சைக்கிள் ஊர்வலம் நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பாலத்துக்கு நாலு மூலை, அந்த நாலு மூலையிலும் ஒரு விளக்கு, ஒரு கம்பி வேலி, சுற்றுவட்டாரத்துக் கறிக்கடைகளுக்கு தினமும் வந்து வாங்கிப்போகிற ஒரு வண்டி. இதற்குமேல் பிரசங்கம் வேண்டாம்.

பஸ்ஸிலேயே ஒரு ஆச்சி, குடமுருட்டிப் பாலத்தில் கவரோடு ஒரு மாலையை வீசினார். சாமிக்குப் போட்ட மாலை, காலில் மிதிபடக்கூடாதாம். "கவர எடுத்துட்டுப் பூவ மட்டும் போட்டிருக்கலாமே ஆச்சி" என்றேன். "ஓடுற பஸ்ஸுல முடிச்ச அவுக்க முடியுமா தம்பி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

திருவையாற்றில் புஷ்ய மண்டபத் துறையில் இறங்கினேன். ஆறு பாதி நனைந்திருந்தது. கருமாதிக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை விட்டுப் போகிறார்கள். டெல்டா படித்துறைகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மயிலாடுதுறைத் துலாக் கட்டத்திலும் இதே, திருநள்ளாற்றில் நளன் குளத்திலும் இதே. அந்தக் காலத்தில் பருத்தி வேட்டி, மக்கும். இப்போது பாலியஸ்டர் சேலை. அது மணலுக்குள் புதைந்து, ஆளின் காலைச் சுற்றி இழுக்கிறது. துணியை யார் காலிலும் படாமல் விட வேண்டும் என்பதுதான் சாஸ்திரத்தின் அக்கறை. படியின் மேல்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, "இங்கே விடலாம்" என்று புரோகிதர் வாயால் சொல்ல வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதிகாரி சொன்னால் வராத பணிவு, சாஸ்திரிகள் சொன்னால் வரும்.

புதன்

தஞ்சையில் வெயில். வேலை ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் கரந்தையில் வடவாற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் குதித்தார்கள். டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினேன்.

வியாழன், நீடாமங்கலம்

ஊருக்குள் நுழைகிற முன் ரயில்வே கேட். நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்களுக்கு அதன் பெருமை தெரியும், காத்திருக்கும் நேரத்தில் பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம். கேட்டில் நிற்கும் வண்டிகளுக்கு வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் விற்கிறார்கள். பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள். 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் பதினான்கு வகை பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை. கேரி பேக், தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற துணிப்பை இயக்கம் வந்தது. தடை எங்கே பிடித்திருக்கிறது, எங்கே நழுவியிருக்கிறது என்று ஊருக்கு ஊர் பார்த்துக்கொண்டே வருகிறேன். தள்ளுவண்டிக்காரர்களிடம் பிடித்திருக்கிறது. மீன் மார்க்கெட்டிலும் அரசியல் கூட்டத்திலும் பிடிக்கவில்லை.

மூணாறு தலைப்புக்குப் போனேன். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிகிற இடம். தண்ணீர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. ஷட்டர்களுக்கு முன் மிதந்த குப்பைத் திட்டின் மேல் ஒரு கொக்கு நடந்துபோனது. அவ்வளவு கனம்.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு வசதி. காட்டாறு என்றால் குப்பை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. டெல்டா ஆறு அப்படியில்லை. ஒவ்வொரு தலைப்பிலும் தண்ணீர் நின்று, வழி கேட்டுப் போகிறது. குப்பையும் அங்கே நிற்கிறது. ஆகவே வலையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு, அணை கட்டியவர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். சென்னையில் கூவத்துக்கு 2017-ல் மிதக்கும் தடுப்பு போட்டார்கள். இங்கே அவ்வளவு செலவுகூடத் தேவைப்படாது.

தலைப்பில் ஓய்வுபெற்ற பணியாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பல வருஷம் இதே ஷட்டர்களோடு வாழ்ந்தவர். மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். மூங்கில் கழிகளைச் சேர்த்துக் கட்டி, மிதப்புக்குக் காலி டிரம், கீழே ஒன்றரை அடிக்குப் பழைய வலை. மிதக்கிறதுதானே பிரச்சினை, ஆழமாகப் போட்டால் மீன் மாட்டும், தண்ணீர் எதிர்க்கும். ஷட்டருக்குக் கொஞ்சம் மேலேயே போட வேண்டும். "நேருக்கு நேரா குறுக்க கட்டுனீங்கன்னா நடுவுல சேந்து வலை அறுந்துரும். சாய்ச்சுக் கட்டுங்க. தண்ணியே குப்பைய ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டு வந்துரும். எந்தக் கரையில டிராக்டர் நிக்குமோ அந்தக் கரையில முடியணும்." அதற்கப்புறம் குரலை இறக்காமலே சொன்னார்: "தெனம் அள்ளணும். அள்ளாம விட்டா அதுவே ஒரு அணையாயிரும், கரை ஒடச்சா ஊரு போயிடும். கட்றதுக்கு ஆள் வருவாங்க, ரிப்பன் வெட்டுவாங்க. அள்றதுக்குத்தான் ஆள் பாக்கணும்."

அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது அவர் போகிறபோக்கில் சொன்னது. மே மாசக் கடைசியில் ஒரு வாரம் இந்த மூன்று ஆற்றுத் தரையிலும் இறங்கிப் பொறுக்கினால் இந்தத் திட்டே சேராதாம். காய்ந்த குப்பை லேசு, கையால் எடுக்கலாம், மணலை உதறினால் போதும். நனைந்ததைக் கரையேற்ற நாலு மடங்கு ஆள் வேண்டும். தூர்வாரும் பணி எப்படியும் அப்போதுதான் நடக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், வண்டி இருக்கிறது.

சனி, மன்னார்குடிக்குத் தெற்கே

ஊர்ப் பெயர் வேண்டாம் என்றார்கள், விடுகிறேன். பாமணியாற்றுப் பாசனம், கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். இன்னும் தண்ணீர் வரவில்லை. தலைமடையில் நாற்று பறித்துக்கொண்டிருக்க, இங்கே வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

பெரியவர் ஒருவர் கண்ணி வாய்க்காலோடு என்னை அழைத்துப்போனார். ஆறும் பெரிய வாய்க்காலும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். சி, டி வாய்க்கால் என்று சொல்கிற கடைசிக் கிளைகள்தான் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருபவை, அவற்றுக்குக் கேட்பாரில்லை. இங்கே வயலுக்கு மதகு என்பது கரைக்கு அடியில் போட்ட ஒரு குழாய். அதன் வாயில் ஒரு கவர் போய் ஒட்டினால் போதும், தண்ணீர் நின்றுவிடும். ராத்திரி முறையில் தண்ணீர் வந்து, காலையில் போய்ப் பார்த்தால் வயல் காய்ந்திருக்கும், முறை முடிந்திருக்கும். குழந்தைகளுக்குக் கட்டுகிற டயப்பர் வந்து அடைத்தால் இன்னும் மோசம். அது ஊதிக்கொண்டு கல் மாதிரி நிற்கும் என்று நடவுப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். உடைந்த பாட்டிலைப் பற்றிப் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது.

மதுப் பாட்டில்தான் இவர்களுக்குப் பெரிய பயம். வாய்க்கால் மதகுக்கட்டையில் உட்கார்ந்து குடித்துவிட்டு அங்கேயே உடைக்கிறார்கள். சில்லு தண்ணீரோடு வயலுக்குள் வந்து சேற்றில் நிற்கிறது. நடவு நடுகிறவர்கள் வெறுங்காலோடு பின்னால் நகர்கிறார்கள், எதை மிதிக்கிறோம் என்று பார்க்க வழியில்லை. ஒரு அம்மா பாதத்தைத் தூக்கிக் காட்டினார். தையல் போட்ட தழும்பு. தைத்த நாள்களுக்குக் கூலி யார் தருவார்? நீலகிரியில் 2022-ல் நீதிமன்ற உத்தரவுப்படி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. காட்டு யானையின் காலுக்காக யோசித்ததை நடவுக்காரியின் காலுக்காகவும் முழுசாகச் செய்ய வேண்டும். பத்து ரூபாய் மதிப்புள்ள பொருளை யாரும் உடைப்பதில்லை.

எல்லாக் குப்பையும் மேலே இருந்து வந்ததுதானா? அப்படிச் சொல்ல பெரியவருக்கு ஆசைதான். ஆனால் வாய்க்காலில் கிடந்தவற்றில் பூச்சிமருந்து டப்பா இருந்தது, உரப்பை இருந்தது. இன்னொன்று எனக்குப் புதுசு: கிழிந்த பாலித்தீன் தாள் நீளம் நீளமாக. இயந்திர நடவு வந்தபிறகு பாய் நாற்றங்கால் போடுகிறார்கள். தரையில் தாளை விரித்து, மேலே மண் பரப்பி விதைப்பது. நாற்றைச் சுருட்டி எடுத்தபின் தாளை வரப்பில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அது காற்றில் வாய்க்காலுக்குப் போகிறது. "ஆமா தம்பி, இது நம்ம வேலதான்" என்றார். அடுத்த முறை நாற்றங்கால் போடுகிறவரிடமே தாளைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிக் கூலி பேச வேண்டும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். பேசக்கூடியதுதான்.

ஊராட்சியின் தூய்மைக் காவலர் ஒரு பெண். வீட்டுக்கு வீடு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கிக் கொட்டகையில் சேர்க்கிறார். விற்காத பிளாஸ்டிக் அரியலூர் சிமெண்ட் ஆலைப் பக்கம் எரிபொருளாகப் போகும் என்றார். தார்ச்சாலைக்கும் போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துகளைத் தூவிப் பூச்சாக்கி, அதன்மேல் தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. "ஆனா ஆத்துல எடுத்தத ரெண்டு பேரும் வாங்க மாட்டாங்க சார். சேறு, ஈரம். நான் கழுவிக் காயவெச்சா வீட்டுக் குப்பைய யாரு வாங்குறது?" என்றார் தூய்மைக் காவலர். ஆற்றுக்குள் விழுந்த கவருக்கு மதிப்பு போய்விடுகிறது. வீட்டு வாசலில் அதே கவருக்கு ஏதோ ஒரு விலை உண்டு.

திங்கள், முத்துப்பேட்டை

ஜாம்பவானோடையிலிருந்து படகு. கோரையாற்றில் போய்க் காயலுக்குள் நுழைகிறோம். ஊர்க்காரர்கள் லகூன் என்றே சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் அலையாத்தி. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. எழுந்த இடங்களும் உண்டு, மொட்டையாக நிற்கும் இடங்களும் உண்டு.

மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நிற்கின்றன. வேருக்குக் காற்று அந்த வழியாகத்தான். அதன்மேல் சீப்பில் முடி மாட்டியதைப்போல என்று எழுதலாம்தான், வெங்காயத்தாமரைக்கு ஏற்கெனவே தாடி உவமை ஒன்று வந்துவிட்டது. கவர் மாட்டியிருக்கிறது, சாக்கு மாட்டியிருக்கிறது, நெய்லான் வலைத் துண்டு மாட்டியிருக்கிறது. சேற்றோடு சேர்ந்து ஒரு கவர் நாலு வேரை மூடினால் அந்த நாலும் வீண். வலைத் துண்டு நம்முடையது என்று படகுக்காரரே சொன்னார். மற்றது தஞ்சாவூரிலிருந்து வருவது என்றார். தஞ்சாவூர் என்பது அவருக்கு மேற்கே உள்ள அத்தனை ஊருக்கும் பொதுப் பெயர்.

"வருஷா வருஷம் தண்ணி எங்களுக்கு வந்துச்சா வரலையான்னு பேப்பர்ல சண்ட போடுறாங்க. குப்ப மட்டும் ஒரு வருஷமும் வராம இருந்ததில்ல."

இறங்கி டீ குடிக்கும்போது கடைமடைப் பெரியவர் போனில் கூப்பிட்டார். அவர்கள் ஊருக்குத் தண்ணீர் ராத்திரி வந்துவிட்டதாம். நான் சொல்லியிருந்த நீடாமங்கலத்து யோசனையைச் சேர்ந்து பேசி, பெரிய வாய்க்கால் பிரியும் இடத்தில் மூங்கில் கட்டப் போகிறார்களாம். மே மாதப் பொறுக்கலுக்கு மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் தீர்மானம் வைக்கவும் எழுதிக்கொண்டாராம், மே 1 கிராம சபைக்கு விட்டால் நேரம் பத்தாது என்று ஊராட்சித் தலைவர் சொல்லிவிட்டாராம்.

"மூங்கில எந்தப் பக்கமா சாய்க்கணும்னாரு அந்த நீடாமங்கலத்துக்காரரு?"

"டிராக்டர் நிக்கிற கரைப் பக்கம்."

"டிராக்டர் ரெண்டு கரையிலயும் நிக்காது. கிழக்கால மாட்டு வண்டி நிக்கும்."

"அப்ப கிழக்கால சாய்ங்க."

"அதத்தான் காலையிலயே கட்டிட்டோம். சரியான்னு கேட்டுக்கலாம்னு போன் போட்டேன்."